ஏழு நாள் உறக்கம்

"முதல்ல சத்தம்தான் வந்துச்சு. வண்டி ஆடுனது அதுக்கப்புறம்."

"போன ஞாயித்துக்கிழமை வண்டி ஆடுனதுதான் முதல்லன்னு சொன்ன."

"போன ஞாயித்துக்கிழமை எனக்குத் தலையே இல்ல மதினி. யார் எதைக் கேட்டாலும் ஆமான்னேன். நீதானே ஓட்டுனேன்னாங்க, ஆமான்னேன். பூ வாங்கியாச்சான்னாங்க, அதுக்கும் ஆமான்னேன். பூவே வாங்கல."

ஈசிதே வைனரின் தட்டில் பூசணி அடைத்த மாவுப் பொதிகள் இன்னும் நான்கை வைத்தாள். ஏற்கனவே வைத்திருந்தவை அப்படியே கிடந்தன. வெண்ணெய் உறைந்து அவற்றின் மேல் தோல் கட்டியிருந்தது. அவன் முள்கரண்டியைக் கையில் பிடித்திருந்தானே தவிர, அதைத் தட்டில் இறக்கவில்லை.

மத்தியானம் பன்னிரண்டரை மணி. சமையலறையில் விளக்கு எரிந்தது. நவம்பரில் எங்கள் பிராங்கோலினோ கிராமத்தில் பகல் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஆற்றங்கரையிலிருந்து மூடுபனி இறங்கி வந்து, காய்த்து ஓய்ந்த பேரிக்காய்த் தோட்டங்களைத் தாண்டி, ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். எதிர்வீடு இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

"என்ன மாதிரி சத்தம்?"

கேட்டது எர்மெஸ், ஈசிதேயின் கணவன்.

"சத்தம்னா சத்தம்தான் சகல. என்ன மாதிரின்னு எப்படிச் சொல்றது?"

"மொத்தமா இருந்துச்சா, ஒல்லியா இருந்துச்சா?"

வைனர் யோசித்தான். மேஜையில் கிடந்த ரொட்டியை எடுத்தான். எங்கள் பக்கத்து ரொட்டிக்கு நான்கு கொம்பு உண்டு. நுனி காய்ந்து கல்லாக இருக்கும். ஒரு கொம்பைப் பிடித்துக் காதருகே வைத்து ஒடித்தான்.

"இந்த மாதிரி. ஆனா பெரிசு."

எர்மெஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"போதும் வைனர்," என்றாள் ஈசிதே. "சாப்பாட்டு மேஜையில வச்சு அதைச் செஞ்சு காட்டாத."

நோர்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஈசிதேயின் தங்கை, வைனரின் மனைவி, நாற்பத்தோரு வயது. கணவன் மனைவி இருவருக்கும் பழக் கூட்டுறவுச் சங்கத்தின் குளிர் கிடங்கில்தான் வேலை. வைனர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். நோர்மா பெட்டிகளின் மேல் அட்டை ஒட்டி, பழத்தின் குளிரை அளந்து எழுதுவாள். அன்று நாலாம் அறையில் பிளாஸ்டிக் பேரிக்காய்ப் பெட்டிகள் எட்டு அடுக்காக நின்றன. பக்கத்து வரிசையில் வைனர் பெட்டிகள் அடுக்கிய ஒரு பலகைத் தட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அடுக்குக்குப் பின்னால் நோர்மா இருந்தது அவனுக்குத் தெரியாது. அடியில் இருந்த பெட்டியின் மூலை போனது. மேலே இருந்ததெல்லாம் அவள் பக்கமாகச் சாய்ந்தது.

வண்டியின் முன்னால் நீட்டியிருக்கும் இரும்பு முள் அடுக்கில் பட்டுவிட்டது என்று சங்கத்து ஆட்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை ஃபெர்ராராவில் மாஜிஸ்திரேட் முன்னால் விசாரணை. ஊரில் யாரும் வைனரைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. காபிக் கடையில் அவன் நுழைந்தால் சீட்டாட்டம் நின்றுவிடும். எல்லோரும் அவனுக்கு ஒரு கிளாஸ் ஒயின் வாங்கிக் கொடுக்கப் பார்ப்பார்கள்.

"இல்ல," என்றான் வைனர். ஒடித்த கொம்பை ரொட்டியோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் இடிச்சிருப்பேன். சத்தம் முதல்ல வந்துச்சுன்னு இப்ப எனக்குத் தோணுது, அவ்வளவுதான். தோணணும்னு ஆசையா இருக்கு, அதனால தோணுது."

கரை ரோட்டில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. மூடுபனியில் சைக்கிளில் போகிறவர்கள் மணியடித்துக்கொண்டே போவது எங்கள் வழக்கம். எதிரே வருபவனுக்கு ஆளைவிட மணிதான் முதலில் தெரியும். நோர்மா இந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் மூன்று முறை அடிப்பாள். எர்மெஸ் எண்ணினான். மூன்று. மூவருமே எண்ணியிருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

*

எர்மெஸ் பதினெட்டு வருஷமாகப் பிளாஸ்டிக் உடைக்கிறவன்.

ஆற்றுக்குப் போகும் வழியில் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை அது. பெரிய ஆலைகள் செய்து அனுப்பும் வெள்ளைக் குருணையை வாங்கி, அதில் ரப்பரும் மாக்கல் தூளும் கலந்து, உருக்கி, நூலாக இழுத்து, திரும்பக் குருணையாகவே வெட்டி விற்பார்கள். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: விறைப்பாவும் இருக்கணும், அடியும் தாங்கணும். இரண்டையும் ஒன்றாகக் கேட்பது ஏதோ உப்பும் மிளகும் கேட்பதுபோல அவர்களுக்குச் சுலபம். மாக்கல் தூளைக் கூட்டினால் விறைக்கும், ஆனால் கண்ணாடிபோல உடையும். ரப்பரைக் கூட்டினால் அடி தாங்கும், ஆனால் பாரம் ஏறினால் தொய்ந்துபோகும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ரப்பர் மணிகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. ஒரு விரிசல் ஓடிவரும்போது அவற்றில் முட்டி முட்டி மூச்சுவாங்கி நின்றுவிடும். மணிகள் குறைந்தால் விரிசல் நேராக மறுபக்கம் போய்விடும்.

ஒரு கல்யாணத்தில் எர்மெஸ் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நோர்மா குறுக்கே விழுந்து, "இது என் புருஷன் கதையால்ல இருக்கு," என்றாள். "விறைச்சா ஒடைஞ்சு போறான். வளைஞ்சு குடுத்தா சரிஞ்சு படுத்துடறான். அவனுக்கும் கொஞ்சம் கலந்து விடுங்களேன் மாமா." பந்தி முழுக்கச் சிரித்தது. வைனர்தான் அதிகம் சிரித்தான்.

ஒவ்வொரு கலவையிலிருந்தும் விரல் நீளத்தில் பத்துத் துண்டுகள் வார்ப்பார்கள். நடுவில் ஒரு சிறிய வெட்டுப் போட்டு, ஐந்தைக் குளிரவைத்து, ஊசல் சுத்தியலால் அடிப்பான் எர்மெஸ். மீதி ஐந்து உறையில் போட்டு ஆறு மாதம் இழுப்பறையில் இருக்கும். உடைந்தவற்றை நோர்மா வாங்கிக்கொண்டு போவாள். அவளுடைய காய்கறிப் பாத்தியில் கீரை, துளசி, வெங்காயம் என்று எழுதி அவற்றைத்தான் நட்டுவைத்திருந்தாள்.

காதுக்கே தெரிந்துவிடும். நல்ல துண்டு அடி வாங்கும்போது 'தப்' என்று ஒரு மந்தமான சத்தம் வரும். வெட்டுப்பட்ட இடம் பால்போல வெளுத்து, இரண்டு பாதியும் பிரியாமல் தொங்கும். கெட்ட துண்டு காய்ந்த ரொட்டிக் கொம்பை ஒடித்ததுபோல ஒலிக்கும். வெளுப்பே இருக்காது. பாதி பறந்துபோய்த் தகரத் தடுப்பில் மோதும்.

ஆனால் வார்த்த அன்றே அடிக்கக் கூடாது. இந்தப் பிளாஸ்டிக் அச்சிலிருந்து வந்த பிறகும் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே இருக்கும். முதல் நாள் இளசு. எந்த அடியையும் தாங்கும். ஒரு வாரம் போனால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். அதனால் துண்டுகளை ஏழு நாள் மிதமான சூட்டில் ஒரு அறையில் வைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தூங்க வைப்பது என்று பெயர். தூங்கியாச்சா? இன்னும் ரெண்டு நாள் தூங்கணும். பிள்ளை பெற்ற வீடு மாதிரிதான் பேசிக்கொள்வார்கள்.

செப்டம்பரில் பேரிக்காய்ப் பெட்டிகள் வார்ப்பதற்குக் குருணை கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து அவசரமாக வந்தார்கள். போன வருஷத்துப் பெட்டிகளில் அடியில் இருந்தவை வயிறு தள்ளிவிட்டன. இந்த வருஷம் எட்டு அடுக்கு நிற்க வேண்டும். ரப்பரில் மூன்று பங்கு குறைத்து, மாக்கல் தூளைக் கூட்டினார்கள். செவ்வாய்க்கிழமை துண்டு வார்த்தார்கள். பேரிக்காய் மரத்தில் பழுத்துக்கொண்டிருந்தது. வாசலில் லாரி நின்றது. ஆலையை நடத்தும் டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பட்டம் வாங்கிய யாரையும் எங்கள் பக்கத்தில் டாக்டர் என்றுதான் சொல்வது. எர்மெஸின் தோளில் கை வைத்து, "தூங்கினதா வச்சுக்கப்பா," என்றார்.

புதன்கிழமை காலையில் எர்மெஸ் அடித்தான். ஐந்தும் தப், தப் என்று தொங்கின. தாளில் வார்த்த தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ளி எழுதினான். கையெழுத்துப் போட்டான். அந்த மாதம் அதற்கு முன்பும் இரண்டு முறை அப்படிச் செய்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

*

திங்கட்கிழமை காலை அவன் இழுப்பறையைத் திறந்தபோது பின்னால் லொரேதானா வந்து நின்றாள். துண்டு வார்க்கும் அச்சு மெஷினை ஓட்டுபவள் அவள். எல்லாத் துண்டும் அவள் கையில்தான் பிறக்கும்.

"என்ன எர்மெஸ், செத்தவங்க நாளு முடிஞ்சும் கல்லறையைத் தோண்டிட்டிருக்கீங்க?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க. என் வாய் இருக்கே."

"பரவால்ல."

"எதைத் தேடறீங்க? சொன்னா எடுத்துத் தர்றேன். நீங்க அடுக்கி வச்சா கடவுளாலகூடக் கண்டுபிடிக்க முடியாது."

"ஒண்ணுமில்ல. பழைய உறை ரெண்டை வெளிய போடலாம்னு."

"ஆறு மாசம் ஆகாம போட்டா டாக்டர் என்னை வெளிய போடுவாரு." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க தூங்கறீங்களா இல்லையா?"

"தூங்கறேன்."

"பொய். உங்களையும் ஏழு நாள் அந்த அறையில போட்டுப் பூட்டணும்."

அவள் போன பிறகு உறையை எடுத்தான். மேலே லொரேதானாவின் உருண்டை எழுத்து: கலவை எண், வார்த்த நாள், செவ்வாய். பொய் சொல்லாத எழுத்து. உள்ளே ஐந்து துண்டுகள், இரண்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஊசல் நாலடி தூரத்தில் நின்றது. அடித்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாமல் அடிக்கலாம்தான். அவன் கை ஊசலின் கைப்பிடி வரை போனது. தகரத் தடுப்பைப் பார்த்தான். பிறகு உறையைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வேறு கலவைகளை அடிக்கத் தொடங்கினான். அன்று நாற்பது துண்டு அடித்தான். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டான். மூடியபோதெல்லாம் நாலாம் அறை.

சாயங்காலம் வீட்டில் அவனுடைய கோட்டை உலர்த்த எடுத்த ஈசிதேயின் கையில் அந்த உறை அகப்பட்டது.

"இதுல என்ன?"

"துண்டு. அஞ்சு."

"அதைக் கோட்டுக்குள்ள வச்சுட்டு அலைவாங்களா?"

எர்மெஸ் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்த கயிற்றையே மறுபடி கட்டினான். ஈசிதே உறையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். நாலாம் அறைப் பெட்டிகளின் கலவை எண்ணை அவள் மூன்று வாரமாக விசாரணைக் காகிதம் ஒவ்வொன்றிலும் பார்த்திருந்தாள்.

"நல்லாயிருக்குன்னு நீதானே கையெழுத்துப் போட்ட?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு."

"அன்னிக்குன்னா?"

"மறுநாளு."

பதினேழு வருஷம் ஒருவனோடு குடும்பம் நடத்தினால் அவன் வேலையின் பேச்சும் தெரிந்துவிடும். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தூங்க விடலியா?"

"விடல."

"லாரி நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"நிக்கட்டுமே. அது என்ன குதிரையா, கால் வலிக்கறதுக்கு?"

அவள் எழுந்து அடுப்பின் இரும்பு மூடியைத் தூக்கினாள். சிவப்பு வெளிச்சம் அவள் முகவாயில் விழுந்தது. உறையை நெருப்புக்கு மேலே பிடித்தாள். காகிதத்தின் ஒரு முனை பழுப்பாகச் சுருண்டது. எர்மெஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். தடுக்கவுமில்லை, செய் என்று சொல்லவுமில்லை. அவள் மூடியைப் போட்டாள்.

"எரிச்சா வீடெல்லாம் நாறும்," என்றாள்.

ஜன்னல் மேடையில் ஒரு கூஜா இருந்தது. நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தவர்கள் நாளுக்கு முந்தின ராத்திரி அவர்கள் வந்து குடிப்பதற்காகத் தண்ணீர் வைப்பார்கள். மறுநாள் கொட்டிவிட வேண்டும். ஈசிதே கொட்டவில்லை. காலையில் பார்த்தபோது தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்ததாம். பென்சிலால் கோடு போட்டு, மறுபடி நிரப்பிவைத்தாள். அடுப்புச் சூட்டில் ஆவியாகும் என்று எர்மெஸ் சொன்னபோது, "எல்லாத்தையும் அளந்தே சாவு," என்றாள். இப்போது பென்சில் கோட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு கோடுகள் இருந்தன.

"வேல போகும் ஈசிதே. வேலயோட முடியாது. கேஸு என் மேல திரும்பும்."

"திரும்பும்."

"இந்த வீடு ஆலை குடுத்தது."

"தெரியும். இந்தச் சுவருக்கு நான்தான் வெள்ளையடிச்சேன்." அவள் கூஜாவைப் பார்த்தபடி பேசினாள். "ஒடையலேன்னா?"

"என்னது?"

"அடிச்சுப் பாத்து, ஒடையலேன்னா? அப்ப நீ தப்புப் பண்ணல. அப்ப அவன்தான் இடிச்சிருக்கான். அதுவும் ஒரு பதில்தானே?"

"அதான் கை வரல. எந்தப் பக்கம் விழுந்தாலும் நம்ம வீட்டு ஆளு மேலதான் விழுது."

வெளியே சைக்கிள் மணி. ஒன்று. இரண்டு. பிறகு எதுவும் இல்லை. மூன்றாவதற்காக இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள்.

"வைனர் முன்னாடி அடி," என்றாள் கடைசியில். "விசாரணைக்கு முன்னாடி. நான் வரமாட்டேன். அந்தச் சத்தம் எனக்கு வேண்டாம்."

*

புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு, எர்மெஸ் பின்வாசல் வழியாக வைனரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிவந்தான். உள்ளே வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். வெளி ஆட்கள் வரக் கூடாத இடம். வைனர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"இவ்வளவுதானா உங்க ஆபீசு? நான் ஏதோ ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

"உக்காரு."

"என்ன விஷயம்னு சொல்லு சகல. மதினி போன்ல அழுதாங்க. என்னன்னு கேட்டா, போய்ப் பாருன்னு வச்சுட்டாங்க."

எர்மெஸ் ஒரு பாத்திரத்தில் சாராயம் ஊற்றி அதில் உலர்பனிக்கட்டியை நறுக்கிப் போட்டான். புகை பொங்கி வழிந்தது.

"இந்த வேலைக்கு நான் வந்திருக்கணும்," என்றான் வைனர். "சரக்கை இப்படிப் பாத்திரம் பாத்திரமா ஊத்துறாங்க."

"குடிச்சா கண்ணு போயிடும்."

"அப்ப வண்டி ஓட்டச் சொல்ல மாட்டாங்கல்ல." அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே, நாலாம் அறையின் குளிர். எர்மெஸ் ஐந்து துண்டுகளையும் உள்ளே இறக்கினான். அரை மணி நேரம் ஆக வேண்டும். அந்த அரை மணியில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். சொல்லத் தெரியவில்லை. ரப்பரைப் பற்றிச் சொன்னான். மாக்கல் தூளைப் பற்றிச் சொன்னான். வைனர் பொறுமையாகக் கேட்டான். புகை மேஜையிலிருந்து தரைக்கு இறங்கி இருவர் காலையும் சுற்றியது. வைனர் காலை இழுத்துக்கொண்டான்.

"அன்னிக்கும் இப்படித்தான்," என்றான். "கதவைத் திறந்தா வெளியில இருக்கற மூட்டம் உள்ள வந்து தரையோட ஓடும். அவ முழங்காலுக்குக் கீழ தெரியாது. மூட்டத்துல மிதக்கற மாதிரி நடந்து வருவா. எதுக்கு சகல இதெல்லாம்?"

எர்மெஸ் மணியைப் பார்த்தான். இடுக்கியால் முதல் துண்டை எடுத்து, வெட்டு சரியாக நடுவில் வரும்படி தாங்கிகளின் மேல் வைத்து, ஊசலை விட்டான். எல்லாம் ஐந்து எண்ணுவதற்குள்.

சத்தம் வந்தது. பாதி பறந்து தகரத்தில் மோதியது.

வைனர் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் விழுந்தது. அவன் முகம் காகிதமாக இருந்தது.

"இதுதான்," என்றான். "இதுதான் சகல. இன்னொரு தடவ."

இரண்டாவது. அதே சத்தம். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் வைனர் தலையாட்டினான். தெரிந்த ஒருவரை ஒரு கூட்டத்தில் அடையாளம் காட்டுகிறவன்போல. ஐந்தாவது மட்டும் தப் என்றது. வெட்டுப்பட்ட இடம் வெளுத்து, துண்டு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"இது ஒடையலியே?"

"ஒடையல."

"அப்ப?"

எர்மெஸ் அந்தத் துண்டைக் கையில் எடுத்தான். அது அவனுக்கு ஒரு வாசல்போலத் திறந்து நின்றது. ஒன்று தாங்கியிருக்கிறது, ஆகவே பெட்டியும் தாங்கியிருக்கலாம் என்று சொன்னால் போதும். எந்த நிபுணனும் ஆமாம் என்பான்.

"எட்டு அடுக்குல அடியில கிடக்கற ஒரு பெட்டி போனாப் போதும்," என்றான். "அஞ்சுல நாலு போயிருக்கு."

"ஆனா நீங்க பாத்துத்தானே குடுத்தீங்க?"

அப்போது சொன்னான். செவ்வாய், புதன், லாரி, தேதி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஒரு தாளைப் படிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல். சொல்லி முடித்ததும் அடி விழும் என்று எதிர்பார்த்தான். அவன் தோள் தானாகவே குறுகியது.

வைனர் குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தான். தகரத்தடியில் கிடந்த ஒரு பாதியை எடுத்து, உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினான். அது வழவழவென்று இருந்தது.

"வண்டி பட்டிருக்கும் சகல," என்றான் மெதுவாக. "எனக்கு இன்னும் அது நிச்சயமில்ல. லேசாப் பட்டிருக்கலாம்."

"படும். ஒரு நாளைக்கு நூறு தடவ படும். படாம ஓட்டறவன் எவன்? பட்டாத் தாங்கணும்னுதான் ரப்பரே போடறோம்."

"ராத்திரி ராத்திரி அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன். அவ பேசாமக் கட்டில் முனையில உக்காந்திருப்பா. ஒரு வார்த்த சொல்ல மாட்டா. கோவம்னு நெனச்சேன்." அவன் துண்டை மேஜையில் வைத்தான். "கேக்க வேண்டிய ஆளு நான் இல்ல போல. அதான் அவளுக்குப் பதில் தெரியல."

நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது. கேன்டீன் முடிந்துவிட்டது. லொரேதானாவின் சிரிப்பு, அதன் பின்னால் டாக்டரின் கனத்த இருமல். எர்மெஸ் சட்டென்று குனிந்து, துண்டுகளைக் கைக்குள் கூட்டத் தொடங்கினான். பதினெட்டு வருஷப் பழக்கம் அது, அடித்து முடித்ததும் கை தானாகச் செய்வது. வைனர் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடு. கிடக்கட்டும்."

"வைனர், நாளைக்கு வர்றேன். விசாரணைக்கு நானே வந்து சொல்றேன். மாதா மேல சத்தியம்."

"நாளைக்குன்னா உனக்கு ஒரு ராத்திரி கிடைக்கும். ஒரு ராத்திரில ஆளு என்னவெல்லாம் நெனப்பான்னு எனக்குத் தெரியும். மூணு வாரமாத் தெரியும்."

கைப்பிடி திரும்பியது. திரும்பி நின்றது. மறுபடி ஆட்டினார்கள்.

"யாருப்பா உள்ள பூட்டினது?" என்றாள் லொரேதானா. "எர்மெஸ்? தூங்கிட்டீங்களா?"

உலர்பனிக்கட்டியின் புகை கதவின் கீழே வழிந்து நடைவழிக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். பேச்சு நின்றுவிட்டது. வைனர் மணிக்கட்டை விட்டான். ஒதுங்கி நின்று, சுருட்டிய தொப்பியை விரித்துத் தலையில் வைத்துக்கொண்டான். குரலில் கோபம் இல்லை. காபிக் கடையில் பக்கத்து நாற்காலிக்காரனிடம் சர்க்கரையைத் தள்ளச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

"கதவைத் திற, சகல."